ஒரு பவுன் எடையுள்ள குண்டு

அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, வேப்பனப்பள்ளி வட்டாரத்துச் செய்திகளைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு அந்தப் பெட்டிச் செய்தி மனப்பாடம்: நாட்டுத் துப்பாக்கி, கரிமருந்து, பால்ரஸ் குண்டுகள் பறிமுதல், ஒருவர் கைது. அதே மாவட்டத்தில்தான் சூளகிரி, ஓசூர் சிப்காட் பட்டறைகளில் சி.என்.சி. லேத்துகள் ஷிஃப்டு மாற்றி ஷிஃப்டு ஓடுகின்றன. அங்கே சில உருப்படிகள் பத்து மைக்ரான் கூடிப்போனாலே ரிஜெக்‌ஷன் பெட்டிக்குப் போய்விடும். கைக்கணக்குக்கும் மைக்ரான் கணக்குக்கும் நடுவில் ஒரு கேள்வி இருக்கிறது. துப்பாக்கி சுடும் போட்டியில் வெல்ல எந்த வகைக் குண்டு, என்ன எடையில் வேண்டும்?

நாட்டுத் துப்பாக்கிக்காரர் குழலின் வாய் வழியே கரிமருந்தைக் கொட்டி, துணியையோ நாரையோ திணித்து, குண்டைப் போட்டுக் கம்பியால் இடிக்கிறார். மருந்து எவ்வளவு என்பது அவர் கைப்பழக்கம். குண்டு குழலுக்குப் பொருந்துமா என்பது அவர் அதிர்ஷ்டம். அமெரிக்கா, பின்லாந்து போன்ற நாடுகளில் பிஸ்டல் போட்டிக்காரர்கள் பலர் இதே வேலையை நுட்பமாகச் செய்கிறார்கள். சுட்டபின் தெறித்து விழும் பித்தளைக் கூட்டைப் பொறுக்கிச் சுத்தம் செய்து, புதிய பிரைமர் பொருத்தி, தராசில் நிறுத்த மருந்தை இட்டு, தாங்களே தேர்ந்தெடுத்த குண்டை மேலே அழுத்தி, சொந்தத் தோட்டா கட்டிக்கொள்கிறார்கள். செலவு குறையும் என்பது ஒரு காரணம். தன் துப்பாக்கிக்குப் பிடித்த குண்டைத் தானே முடிவு செய்யலாம் என்பது பெரிய காரணம்.

இந்தியாவில் உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம். சரியான தடை என்றே எனக்குப் படுகிறது. குழல் வெடித்துக் கை போனவர்களின் கதைகள் காட்டோர ஊர்களில் குறைவில்லை. ஆனால் குண்டுத் தேர்வுக்குப் பின்னால் இருக்கும் இயற்பியலைத் தெரிந்துகொள்ள உரிமம் தேவையில்லை. அந்த இயற்பியலுக்கு அடித்தளம் போட்ட மனிதர் உயிர்விட்டது நம் கடலூரில்.

பெஞ்சமின் ராபின்ஸ் ஆங்கிலேயக் கணித அறிஞர். 1742-ல் அவர் எழுதிய பீரங்கியியல் நூல் ஐரோப்பாவையே திருப்பிப் போட்டது. கணித மேதை ஆய்லர் அதை 1745-ல் தம் விளக்கங்களோடு ஜெர்மனில் கொண்டுவந்தார். கிழக்கிந்தியக் கம்பெனி ராபின்ஸைத் தலைமைப் பொறியாளராக்கி இங்கே அனுப்பியது. 1750-ல் வந்தவர் சென்னைக் கோட்டையையும் கடலூர் தேவனாம்பட்டினத்து செயின்ட் டேவிட் கோட்டையையும் பலப்படுத்தத் திட்டம் வரைந்துகொண்டிருந்தபோது காய்ச்சல் கண்டு, 1751 ஜூலை 29 அன்று அந்தக் கோட்டையிலேயே இறந்தார்.

அவருக்கு முன் குண்டின் வேகத்தை அளக்க வழியே இல்லை. கண்ணுக்குத் தெரியாத ஒன்றை எதை வைத்து அளப்பது? ராபின்ஸ் ஒரு கனமான மரக்கட்டையைத் தொங்கவிட்டார். அதில் சுட்டால் குண்டு உள்ளே புதைந்து நிற்கும், கட்டை பின்னால் ஊசலாடும். ஊசல் எவ்வளவு தூரம் போனது என்பதைக் கட்டையோடு இணைத்த ஒரு நாடா காட்டிக்கொடுக்கும். குண்டு கொண்டுவந்த உந்தம் முழுவதும் கட்டைக்கு மாறிவிடுகிறது. கட்டையின் எடையும் குண்டின் எடையும் தெரிந்திருப்பதால் கணக்கைப் பின்னோக்கிப் போட்டு வேகத்தைப் பிடித்துவிடலாம். மஸ்கட் குண்டு நொடிக்கு 1,600 அடிக்கு மேல் பாய்கிறது என்று வந்தது விடை. அந்த வேகத்தில் காற்று கொடுக்கும் தடை, நியூட்டனின் கோட்பாடு சொன்னதைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு என்பதும் தெரிந்தது.

இன்னொரு சோதனை குறும்புத்தனமானது. துப்பாக்கிக் குழலின் நுனியை இடப்பக்கம் வளைத்துவிட்டுச் சுட்டார். குண்டு இடப்பக்கம் கிளம்பி, போகப்போக வலப்பக்கம் திரும்பியது. குழலின் ஒரு சுவரில் உரசிக்கொண்டே வந்த குண்டு சுழலத் தொடங்கி, அந்தச் சுழற்சியே அதைக் காற்றில் வளைத்திருக்கிறது. மாக்னஸ் விளைவு என்று பள்ளியில் படிக்கிறோமே, அந்த மாக்னஸ் அதைப் பற்றி எழுதியது 1852-ல்தான். அக்காலத்து ஆங்கில மஸ்கட்டின் குழல் விட்டம் முக்கால் அங்குலம், அதற்குள் போன குண்டோ அதைவிட ஒன்றரை மில்லிமீட்டர் சிறியது. இடைவெளியில் தட்டுத்தடுமாறி வெளியே வரும் குண்டு எந்தப் பக்கம் சுழலும் என்று யாராலும் சொல்ல முடியாது. பால்ரஸ் போட்ட நாட்டுத் துப்பாக்கிக்கும் இதே வியாதிதான். குழலுக்குள் சுருள்வரி வெட்டி, குண்டை இறுக்கமாகப் பொருத்தி, நாம் விரும்பும் திசையில் சுழலவிடுவதே மருந்து என்று 1747-ல் ராபின்ஸ் சொன்னார். படைகள் காது கொடுக்கவில்லை. 1791-ல் கம்பெனிப் படை ஓசூரையும் இராயக்கோட்டையையும் திப்புவிடமிருந்து பிடித்தபோதும் சிப்பாய்களின் தோளில் இருந்தவை வரியில்லாத மஸ்கட்டுகளே.

ராபின்ஸின் ஊசல் அருங்காட்சியகத்தோடு நின்றுவிடவில்லை. ஓடிக்கொண்டே பல இலக்குகளைச் சுடும் ‘பிராக்டிகல்’ போட்டிகளுக்கான உலக அமைப்பான ஐ.பி.எஸ்.சி. 1976-ல் அமெரிக்காவின் கொலம்பியா நகரில் தொடங்கியது. அங்கே ஒரு சிக்கல். மருந்தைக் குறைத்துத் தோட்டா கட்டினால் உதைப்பு குறையும், வேகவேகமாகச் சுடலாம். எல்லோரும் அப்படியே செய்துவிட்டால் போட்டிக்கு அர்த்தமில்லை. அதனால் ஒவ்வொரு தோட்டாவுக்கும் குறைந்தபட்ச பலம் இருக்க வேண்டும் என்று விதி வந்தது. தொடக்க காலத்தில் அதை அளக்கப் போட்டித் திடலிலேயே ஊசல் தொங்கவிட்டார்கள். இன்று அந்த வேலையை, குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராப் செய்கிறது.

கணக்கு எளிது. குண்டின் எடையை கிரெய்ன் அளவில் எடுத்து, அடிக் கணக்கிலான வேகத்தால் பெருக்கி, ஆயிரத்தால் வகுக்க வேண்டும். 125 வந்தால் ‘மைனர்’. பிரிவைப் பொறுத்து 160 அல்லது 170 வந்தால் ‘மேஜர்’. மேஜர்காரருக்கு இலக்கின் ஓரத்தில் பட்டாலும் கூடுதல் புள்ளி கிடைக்கும். ஒரு கிரெய்ன் என்பது 0.0648 கிராம். 9 மி.மீ. பிஸ்டலில் புழங்கும் எடைகள் மூன்று: 115, 124, 147 கிரெய்ன். நடுவில் இருக்கும் 124 கிரெய்ன் குண்டைக் கையில் வைத்துப் பார்த்தால் நம் வீட்டுப் பெண்கள் எடையைச் சரியாகச் சொல்லிவிடுவார்கள்: எட்டு கிராம், ஒரு பவுன்.

125 என்ற அளவைத் தொட 115 கிரெய்ன் குண்டு நொடிக்கு 331 மீட்டர் வேகத்தில் போக வேண்டும். ஒரு பவுன் குண்டுக்கு 307 மீட்டர் போதும். 147-க்கு 259. மூன்றுக்கும் உந்தம் ஒன்றே. ஆற்றல் ஒன்றல்ல: இலேசான குண்டில் சுமார் 408 ஜூல், கனமானதில் 320. விதி ஆற்றலைக் கேட்கவில்லை, உந்தத்தையே கேட்கிறது. இந்தப் போட்டிகளில் வரும் இரும்புத் தகடுகளைச் சாய்ப்பதும் உந்தம்தான், அதனால் விதியில் குறை சொல்ல முடியாது.

உந்தம் ஒன்று என்றால் உதைப்பும் ஒன்றாகத்தானே இருக்க வேண்டும்? இங்கேதான் மருந்து குறுக்கே வருகிறது. எரிந்த மருந்து வாயுவாகிக் குண்டின் பின்னாலேயே, குண்டைவிட வேகமாக வெளியே பீறிடுகிறது. அதற்கும் எடை உண்டு, அதுவும் கையைப் பின்னால் தள்ளும். இலேசான குண்டை விரட்ட மருந்து அதிகம் வேண்டும், வாயுவும் அதிகம். கனமான குண்டுக்குக் குறைந்த மருந்து போதும். அதனால்தான் 147 கிரெய்ன் கையில் மெதுவாகத் தள்ளுவது போலவும், 115 கிரெய்ன் வெடுக்கென்று அறைவது போலவும் இருக்கிறது. ஆனால் குழல் முனையில் துளைபோட்ட கம்பென்சேட்டர் பூட்டியவர்கள் இதைத் தலைகீழாகப் பயன்படுத்துவார்கள். பீறிடும் வாயுவை மேல்நோக்கித் திருப்பி முனையைக் கீழே அழுத்துவதே அந்தக் கருவியின் வேலை. வாயு நிறைய இருந்தால்தான் அது உழைக்கும். அவர்களுக்கு இலேசான குண்டே உகந்தது.

இலேசான, வேகமான குண்டு இலக்கில் மேலே படும், கனமானது கீழே படும் என்றுதான் யாரும் நினைப்போம். கைத்துப்பாக்கியில் பெரும்பாலும் நேர்மாறாக நடக்கிறது. குண்டு நகரத் தொடங்கியதுமே துப்பாக்கியும் உதைக்கத் தொடங்கி, முனை மேலே எழும்புகிறது. 12 செ.மீ. குழலை 331 மீட்டர் வேகக் குண்டு தோராயமாக 0.7 மில்லி நொடியில் கடக்கும், 259 மீட்டர் வேகக் குண்டுக்கு 0.9 ஆகும். தாமதமாக வெளியேறுவது இன்னும் சற்றுத் தூக்கிய முனையிலிருந்து கிளம்புகிறது, மேலே போய் அடிக்கிறது.

எடைக்கு அடுத்தது வகை. வார்த்த ஈயக் குண்டு மலிவு, ஆனால் குழலில் ஈயம் படியும். அதன்மேல் பாலிமர் பூச்சு கொடுத்தவை இப்போது எங்கும் பரவிவிட்டன. செம்பு முலாம் பூசியது, முழுச் செம்பு உறை போட்டது, நுனியில் குழியிட்டது என்று வரிசை நீளும். பார்ப்பவர் கண் எல்லாம் நுனியில் இருக்கும். சுடுபவர் குண்டைத் திருப்பி அடியைப் பார்ப்பார். முழு உறை என்று பெயர் இருந்தாலும் வழக்கமான குண்டுகளில் உறையை முன்பக்கத்திலிருந்து போர்த்தி அடியில் மடிப்பதால் அங்கே ஈயம் வெளியே தெரியும். சூடான வாயு அதைத் தின்று ஈயப்புகையாக்கும், மூடிய அரங்கில் அது நுரையீரலுக்கு நல்லதல்ல. குழியிட்ட குண்டில் உறையை அடிப்பக்கத்திலிருந்து ஏற்றுவார்கள், அடி மூடியபடி சீராக இருக்கும். குழலை விட்டு வெளியேறும் அந்தக் கணத்தில் வாயு கடைசியாகத் தள்ளுவது அடியைத்தான். அங்கே ஒரு நெளிவு இருந்தால் வாயு ஒரு பக்கம் முந்திக் கசிந்து குண்டைச் சாய்த்துவிடும். அதனால்தான் நுனியில் சிறு காயம் பட்ட குண்டு ஏறக்குறைய நேராகவே போகிறது, அடி நசுங்கியது திசை மாறுகிறது.

ஒலிம்பிக் வகைப் போட்டிகளுக்கு வந்தால் கதை வேறு. 25 மீட்டர் ரேபிட் ஃபயர் பிஸ்டலில் 2004 ஏதென்ஸ் வரை உதைப்பைக் குறைக்க .22 ஷார்ட் என்ற குட்டித் தோட்டா சுட்டார்கள், குண்டு 2 கிராம்கூட இல்லை. பிறகு விதி மாறி, 2.6 கிராம் குண்டுள்ள .22 லாங் ரைஃபிள் கட்டாயமானது. 2012 லண்டனில் விஜய் குமார் வெள்ளி வாங்கியது இந்தப் புதிய விதியில், நான்கு நொடியில் ஐந்து இலக்குகளைச் சுட்டு. 2006 தோஹா ஆசிய விளையாட்டில் ஜஸ்பால் ராணா 590 புள்ளியோடு உலக சாதனையைச் சமன் செய்த சென்டர் ஃபயர் பிஸ்டலில் வீரர்கள் விரும்புவது பொதுவாக .32 அளவு, சுமார் ஆறரை கிராம் எடையுள்ள ஈயக் குண்டு. அதன் தலை அரிந்து எடுத்தது போலத் தட்டை.

காற்றைக் கிழிக்கக் கூர்நுனி அல்லவா வேண்டும்? தட்டைத் தலைக்குக் காரணம் காற்றில் இல்லை, காகிதத்தில் இருக்கிறது. உருண்டை நுனி அட்டையைப் பிளந்து நுழையும், ஓட்டையின் விளிம்பு பிசிறடித்துச் சுருங்கிக்கொள்ளும். தட்டைத் தலை பஞ்சிங் மெஷின் போல வட்டத்தை வெட்டி எடுக்கும். வளையக் கோட்டை ஓட்டை தொட்டாலே உயர்ந்த புள்ளி என்பதால் ஒரு மயிரிழை வித்தியாசம் பதக்கத்தைத் தீர்மானிக்கும். இப்போது பெரிய போட்டிகளில் மின்னணு இலக்குகள் வந்துவிட்டன. ஆனாலும் 10 மீட்டர், 25 மீட்டர் தூரத்துக்குத் தட்டைத் தலையால் நஷ்டம் ஒன்றுமில்லை, அதனால் அதுவே தொடர்கிறது.

தமிழ்நாட்டில் புதிதாகச் சுட வரும் பிள்ளை முதலில் தொடுவது ஏர் பிஸ்டலோ ஏர் ரைஃபிளோதான். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகளவில் பதக்கம் குவித்ததும், 2024 பாரிஸில் மனு பாக்கர் முதல் வெண்கலம் வாங்கியதும் 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கியில். இங்கே தோட்டா கட்டும் வேலை இல்லை, ஆனால் குண்டைத் தேர்ந்தெடுக்கும் வேலை அப்படியே இருக்கிறது. 4.5 மி.மீ. ஈயப் பெல்லட், தட்டைத் தலை, ஒடுங்கிய இடை, பாவாடை போல விரிந்த அடி. ரைஃபிளுக்கு வழக்கமாக 0.53 கிராம். பிஸ்டலுக்கு 0.45 கிராம் அளவில் இலேசானது, குழலை விட்டுச் சீக்கிரம் வெளியேறினால் கை நடுக்கம் அதைத் தொடும் நேரம் குறையும் என்பதற்காக. நொடிக்கு 150 மீட்டர் வேகத்தில் போய்ச் சேர்வதற்குள் இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் கீழே இறங்கிவிடும். அதைக் குறிமுள்ளில் சரிசெய்துகொள்ளலாம். சரிசெய்ய முடியாதது ஒரு பெல்லட்டுக்கும் அடுத்ததற்கும் உள்ள வித்தியாசம்.

டப்பாவின் மூடியில் 4.48, 4.49, 4.50 என்று தலையின் விட்டம் அச்சிட்டிருக்கும். இடைவெளி 0.01 மி.மீ., அதாவது பத்து மைக்ரான். ஓசூர் பட்டறையில் மைக்ரோமீட்டர் பிடிக்கும் எவருக்கும் இந்த எண்ணின் கனம் தெரியும். எடை எவ்வளவு, எந்தக் கம்பெனி என்பதெல்லாம் சுடுபவர்கள் டீ குடிக்கும்போது அடித்துக்கொள்ளும் விஷயங்கள். என் பார்வையில் அந்தச் சண்டைக்குத் தேவைக்கு மேல் மரியாதை கிடைக்கிறது. ராபின்ஸ் கண்ட ஒன்றரை மில்லிமீட்டர் தளர்வு இன்று பத்து மைக்ரானாகச் சுருங்கியிருக்கிறது. மிச்சமிருக்கும் குறை, குழலுக்கும் குண்டுக்கும் உள்ள பொருத்தமும், எல்லாப் பெல்லட்டும் ஒன்றுபோல இருப்பதும்தான்.

அதைக் கண்டுபிடிக்கும் முறை சலிப்பானது. மனிதக் கையை விலக்கிவிட்டுத் துப்பாக்கியை வைஸில் கடித்துவைப்பார்கள். ஒரு வெள்ளைத் துணியில் பெல்லட்டுகளைக் கொட்டி, லென்ஸ் வைத்துப் பாவாடை நசுங்கியவற்றை ஒதுக்குவார்கள். பிறகு ஒவ்வொரு விட்டத்திலும் சில பெல்லட்டுகளை ஒரே இடத்தில் சுட்டு, ஓட்டைகள் எவ்வளவு நெருங்கி விழுகின்றன என்று அளப்பார்கள். ஏர் பிஸ்டல் இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 11.5 மி.மீ. வைஸில் கட்டிய துப்பாக்கியே அந்த வட்டத்தை முழுக்க நிரப்பினால், சுடுபவரின் கைக்குப் பிழைவிட இடமே மிஞ்சாது. நல்ல லாட் சிக்கியதும் டப்பா மேலுள்ள எண்ணைக் குறித்துக்கொண்டு, அதே எண்ணில் கடையில் எத்தனை டப்பா இருக்கிறதோ அத்தனையையும் வாங்கி அடுக்கிவிடுவார்கள். அவையும் தீர்ந்து அடுத்த லாட் வந்தால், அதே பெயர், அதே எடை, அதே 4.49 என்று அச்சிட்டிருந்தாலும், மறுபடி வைஸ், மறுபடி வெள்ளைத் துணி.