கைம்மாறு கேட்காத கை

தில்லியின் பழைய மிஷன் மருத்துவமனை ஒன்றின் கதை, குணமாக்குதல் பற்றிய ஒரு பழைய கேள்வியை மீண்டும் எழுப்புகிறது: பிரார்த்தனை எங்கே முடிந்து பணிவிடை எங்கே தொடங்குகிறது?

தீஸ் ஹசாரி மெட்ரோ நிலையத்தில் இறங்குபவர்களில் பலர் இரண்டு வகை. வழக்கோடு வருபவர்கள் நீதிமன்றத்தை நோக்கிப் போகிறார்கள். வியாதியோடு வருபவர்கள் செயின்ட் ஸ்டீபன்ஸ் மருத்துவமனையைத் தேடிப் போகிறார்கள். 1885இல் சாந்தினி சௌக்கில் தொடங்கி, பின்னர் இங்கே இடம்பெயர்ந்த மருத்துவமனை இது. ஆனால் அதன் ஆரம்பம் யமுனைக் கரையில்.

1857 கலகத்தின் காயம் ஆறாத தில்லிக்கு வந்தவர் பிரிசில்லா வின்டர், ஒரு பாதிரியாரின் மனைவி. ஆண் மருத்துவரிடம் உடம்பைக் காட்டுவதைவிடச் சாவதே மேல் என்று பர்தாவுக்குள் பெண்கள் முடங்கிக் கிடந்த காலம். பிரிசில்லா ஆற்றுக்கு வரும் பெண்களிடம் போனார். கரையிலேயே மருந்து கொடுத்தார். 1881இல் அவர் இறந்தார். பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான மருத்துவமனை எழும்பியது அதற்குப் பிறகுதான்.

தமிழர்களுக்கு இது கேட்ட கதை போலத் தோன்றினால் வியப்பில்லை. திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பேர் அடுத்தடுத்து வந்து, பிரசவ வேதனையில் துடிக்கும் மனைவிக்கு உதவும்படி ஐடா ஸ்கடர் என்ற இளம்பெண்ணை அழைத்தார்கள். மருத்துவம் தெரிந்தவர் அவருடைய தந்தை. ஆனால் ஆண் டாக்டர் வேண்டாம் என்று மூவருமே மறுத்தார்கள். மூன்று பெண்களும் இறந்தார்கள். அமெரிக்கா போய் டாக்டருக்குப் படித்த ஐடா 1900இல் திரும்பி வந்தார். 1918இல் வேலூரில் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். அதுதான் இன்றைய சி.எம்.சி.

மருந்தோடு மதமும் போனதே என்ற கேள்வி அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. அதை ஒதுக்க முடியாது. ஆத்ம லாபக் கணக்கு அந்த மிஷன்களுக்கு இருந்தது உண்மை. ஆனால் அவர்கள் கையில் வைத்திருந்த புத்தகமே அந்தக் கணக்குக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது. இயேசு பத்துத் தொழுநோயாளிகளைக் குணமாக்குகிறார். நன்றி சொல்லத் திரும்பி வருபவன் ஒருவன்தான். மற்ற ஒன்பது பேர் எங்கே என்று இயேசு கேட்கிறார், அவ்வளவுதான். அவர்களுக்குக் கொடுத்த சுகத்தைத் திரும்பப் பிடுங்கிக் கொண்டதாகக் கதையில் இல்லை. குணமாவதற்கு விலை நன்றிகூட அல்ல.

தமிழ் பைபிளில் இத்தகைய இடங்களில் 'மனதுருகி' என்று ஒரு சொல் வரும். அழகான சொல்தான். ஆனால் மூலமான கிரேக்க வினைச்சொல்லின் வேர் மனதில் இல்லை, குடலில் இருக்கிறது. எபிரேயத்தில் இரக்கத்தைக் குறிக்கும் சொல் கருப்பையோடு உறவுடையது. நம் ஊர்த் தாய்மார்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பெற்ற வயிறு பற்றி எரிகிறது என்று அவர்கள் சொல்வது இதைத்தான். கருணை ஒரு கருத்து அல்ல, உடம்பில் நிகழ்வது. அதனால்தான் அது உடம்பைத் தொடாமல் ஓய்வதில்லை. யாரும் நெருங்காத தொழுநோயாளியை இயேசு முதலில் தொடுகிறார். சுகம் அதற்குப் பிறகு.

நல்ல சமாரியன் கதையையும் இந்தக் கண்ணோடு படிக்கலாம். கள்ளர்கள் அடித்துப் போட்டவனை விலகிக் கடந்து போன இருவரும் ஆலய ஊழியம் செய்பவர்கள், பிரார்த்தனை தெரிந்தவர்கள். சமாரியன் பிரார்த்தித்ததாக ஒரு வார்த்தை இல்லை. எண்ணெய், திராட்சை ரசம், காயக் கட்டு, தன் வாகனம், சத்திரத்துக்காரனிடம் இரண்டு வெள்ளிக்காசு. அன்றைய கணக்கில் இரண்டு நாள் கூலி. கூடுதல் செலவைத் திரும்பி வரும்போது தருவதாக ஒரு வாக்குறுதி வேறு. கண்ணீர் பற்றிப் பேசாத கதை, பில்லைப் பற்றிப் பேசுகிறது.

எழுதுவது சுலபம். சில ஆண்டுகளுக்கு முன் தில்லி மருத்துவமனை ஒன்றுக்கு மொழிபெயர்ப்பாளனாகப் போனேன். விழுப்புரம் பக்கத்திலிருந்து மகளைப் பார்க்க வந்த மூதாட்டிக்கு உடம்பு சரியில்லை. மகளுக்கு நான்கு வீடுகளில் வேலை, ஒரு நாள் தவறினாலும் வேலை போய்விடும். "வயித்தைப் போட்டுப் பிசையுதுப்பா" என்றார் பாட்டி. வயிற்றில் வலி என்று டாக்டரிடம் இந்தியில் சொன்னேன். பிசைவது இந்திக்குப் போகவில்லை.

"ரிப்போர்ட் வர்ற வரைக்கும் கூட இருய்யா" என்றார். எனக்கு அன்று மாலைக்குள் ஒரு கட்டுரை கொடுத்தாக வேண்டும். விஷயத்தை நர்ஸிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். கடந்து போன இருவருக்கும் இப்படி ஏதாவது அவசரம் இருந்திருக்கும்.

மறுநாள் காலையில் போனபோது பாட்டி தூங்கிக்கொண்டிருந்தார். பக்கத்துக் கட்டில் நோயாளிக்குத் துணையாக வந்திருந்த பீகார்ப் பெண்மணி, பாட்டியின் காலருகே உட்கார்ந்திருந்தார். ராத்திரி முழுக்க வயிற்றைத் தடவிக் கொடுத்தாராம். தமிழில் அவருக்கு ஒரு சொல் தெரியாது. நான் இந்தியில் நன்றி சொன்னேன். எதற்கு என்பது போலப் பார்த்துவிட்டுத் தன் நோயாளிக்கு டீ வாங்கப் போய்விட்டார்.

நான் அதிகம் பிரார்த்திப்பவன் அல்ல. அன்றிலிருந்து ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். நோயாளிகளுக்குச் சுகம் கொடு என்று கேட்பதற்கு முன்னால், இன்னொரு முறை யாராவது இருக்கச் சொன்னால் எனக்கு உட்காரத் தெரியட்டும்.