முதல் வகுப்புக்கு எத்தனை மதிப்பெண் வேண்டும்?

தேர்வு அட்டவணை அறிவிப்புப் பலகையில் ஏறிய நாள் முதல் நம் கல்லூரி வேப்ப மரத்தடியில் ஒரே பேச்சு: "எவ்வளவு எடுத்தால் முதல் வகுப்பு வரும்?" கேட்போர் பலர், தாளை எடுத்துக் கணக்குப் போடுவோர் சிலர். மேலூர், உசிலம்பட்டி, வாடிப்பட்டிப் பக்கமிருந்து பேருந்தில் வந்து பயிலும் நம்மில் பலர் வீட்டின் முதற் பட்டதாரிகள். கேட்டுத் தெரிந்துகொள்ள வீட்டில் ஆளில்லை. ஆகவே கணிதம் பயில்பவன் என்ற உரிமையில் அக்கணக்கை இங்கே விளக்குகிறேன். வரலாறு பயிலும் நண்பர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் தெரிந்தால் போதும்.

ஒரு தாளின் கணக்கு எளிது. இன்டர்னல் 25, செமஸ்டர் தேர்வு 75. விரும்பும் மொத்தத்திலிருந்து இன்டர்னலைக் கழித்தால் தேர்வில் எடுக்க வேண்டியது கிடைக்கும். இலக்கு 60, கையில் 18 என்றால் வேண்டியது 42; அதாவது தேர்வில் 56 விழுக்காடு. கையில் 11 மட்டுமே என்றால் 49 வேண்டும். அது 65 விழுக்காட்டையும் தாண்டும். அசைன்மென்ட் தராமல் விட்டதன் விலை இதுதான்.

தேர்ச்சிக் கணக்கில் ஒரு பொறி உண்டு. "40 போதும், 20 கையில் இருக்கிறது, இன்னும் 20 தானே" என்று சொல்லிவிடக் கூடாது. செமஸ்டர் தேர்வுக்கெனத் தனிக் குறைந்தபட்சம் உண்டா என்று விதிமுறையைப் பார்க்க வேண்டும். அது 40 விழுக்காடு என்றிருந்தால், இன்டர்னல் முழுதாக 25 இருந்தாலும் தேர்வில் 30 எடுத்தே ஆகவேண்டும்.

மொத்தப் படிப்பின் கணக்கில்தான் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள். முதன்மைப் பாடங்களுக்கு மொத்தம் 100 கிரெடிட் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து செமஸ்டரில் 80 கிரெடிட் முடிந்தது, சராசரி 57. "இன்னும் மூன்றுதானே குறைகிறது, கடைசி செமஸ்டரில் 63 எடுத்தால் சரியாகிவிடும்" என்பது மரத்தடித் தீர்ப்பு. அப்படி எடுத்தால் கிடைப்பது 58.2, முதல் வகுப்பு இல்லை.

பால் சங்கத்துக் கேனை நினைத்துப் பாருங்கள். எண்பது லிட்டர் தண்ணீரான பாலைக் கெட்டிப்படுத்த, மேலே ஊற்றும் இருபது லிட்டர் மிகக் கெட்டியான எருமைப் பாலாக இருக்க வேண்டுமல்லவா? மதிப்பெண்ணும் அப்படியே. இலக்கு 60-ஐ மொத்த கிரெடிட் 100-ஆல் பெருக்கினால் 6000. ஈட்டியது 57 பெருக்கல் 80, அதாவது 4560. குறைவது 1440. அதை எஞ்சிய 20 கிரெடிட்டால் வகுத்தால் 72! கடைசி செமஸ்டரில் ஒவ்வொரு தாளிலும் சராசரி 72 வேண்டும்.

இதே 57 சராசரியுடன் 40 கிரெடிட் முடிந்த நிலையில் கணக்குப் போட்டிருந்தால்? 6000-இல் 2280 போக 3720. எஞ்சிய 60 கிரெடிட்டால் வகுத்தால் 62. குறை அதே மூன்றுதான். ஆனால் வேண்டியது பத்து மதிப்பெண் குறைவு. ஆகையால் இக்கட்டுரையை மூன்றாம் ஆண்டினரைவிட இரண்டாம் ஆண்டினர் படிப்பதே எனக்கு மகிழ்ச்சி.

கிரெடிட்டின் எடையும் கவனிக்கத்தக்கது. ஐந்து கிரெடிட் தாளில் பத்து மதிப்பெண் கூடினால் மொத்தச் சராசரி 0.5 ஏறும், இரண்டு கிரெடிட் தாளில் கூடினால் 0.2 தான். எல்லாத் தாளுக்கும் சம இரவுகள் ஒதுக்கும் நண்பர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

சில சமயம் விடை நூற்றைத் தாண்டும். 80 கிரெடிட்டில் சராசரி 45 உள்ளவர் முதல் வகுப்புக்கு 120 எடுக்க வேண்டும். எந்தப் பேராசிரியரும் அதைப் போட மாட்டார். ஆனால் அவர் தாளைக் கிழிக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் பி.எட். சேர்க்கைக்குப் பட்டப்படிப்பில் பொதுப் பிரிவினர்க்கு 50, பிற்படுத்தப்பட்டோர்க்கு 45, மிகவும் பிற்படுத்தப்பட்டோர்க்கு 43, ஆதிதிராவிடர், பழங்குடியினர்க்கு 40 விழுக்காடு எனத் தகுதி வகுத்திருக்கிறார்கள். இலக்கை 50 என்று மாற்றிப் போட்டால் அவருக்கு வேண்டியது 70. கடினந்தான், ஆனால் அது எடுக்கக்கூடிய எண்.