உங்களுக்குத் தெரியுமா? புதையலும் அகராதியும் ஒரே சொல்!

ஆங்கிலத்தில் புதையலைக் குறிக்கும் ‘ட்ரெஷர்’, ஒத்த பொருள் சொல் தேடிப் புரட்டும் ‘தெசாரஸ்’ இரண்டுக்கும் மூலம் ஒன்றே: ‘தெசௌரோஸ்’ என்ற பண்டைய கிரேக்கச் சொல்.

• செல்வமும் தெசௌரோஸ்தான், அதைப் பூட்டிவைக்கும் பெட்டியும் அறையும் தெசௌரோஸ்தான். நம் ‘பொக்கிஷம்’ மாதிரி!

• டெல்ஃபியில் அப்பல்லோ தெய்வத்துக்கு வந்த காணிக்கைகளை வைக்க, கிரேக்க நகரங்கள் போட்டி போட்டுக் கட்டிய குட்டி மண்டபங்களுக்கும் இதே பெயர். ஏதென்ஸ் நகரம் கட்டியதை 1903-06இல் பழைய கற்களைக் கொண்டே மீண்டும் எழுப்பினார்கள்.

• கிரேக்கத்தின் மைசீனியில் உள்ள ‘அட்ரியஸ் கருவூலம்’ பெயருக்குத்தான் கருவூலம். உண்மையில் அது 3,000 ஆண்டுகளுக்கும் முந்தைய கல்லறை.

• பீட்டர் மார்க் ரோஜேயின் புகழ்பெற்ற ‘தெசாரஸ்’ வெளியான ஆண்டு 1852.