கம்பியில்லா இதயமுடுக்கி

இரண்டாம் மணி அடித்துவிட்டதே என்று மாடிப்படிகளில் ஓடி ஏறி வகுப்பில் அமரும்போது நம் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது. சற்று நேரத்தில் தானே அடங்கியும் விடுகிறது. இதயத்தை இப்படி விரையவும் தணியவும் செய்வது, வலது மேலறையின் சுவரில் இருக்கும் ஒரு சிறு திசு முடிச்சு. கீத், ஃபிளாக் என்னும் இருவர் 1907-ஆம் ஆண்டில் இதைக் கண்டறிந்தனர். அங்கே பிறக்கும் மின் துடிப்பு முதலில் மேலறைகளைச் சுருக்குகிறது. இரத்தம் கீழே இறங்கச் சிறிது இடைவெளி விட்டு, பிறகு கீழறைகளைச் சுருக்குகிறது.

இந்த மின் துடிப்பு கீழறையை எட்டாமல் போனால் நாடி மிகவும் குறைந்து மனிதர் மயங்கி விழுவார். அவர்களுக்காகவே செயற்கை இதயமுடுக்கி தோன்றியது. 1958-இல் ஸ்வீடனில் ஆர்னே லார்சன் என்பவரின் உடலுக்குள் முதன்முதலாக அது பொருத்தப்பட்டது. அக்கருவி சில மணி நேரமே உழைத்தது! ஆயினும் லார்சன் இருபதுக்கும் மேற்பட்ட கருவிகளை மாற்றி மாற்றிப் பொருத்திக்கொண்டு 2001 வரை வாழ்ந்தார்.

பின்னாளில் வந்த இதயமுடுக்கிகள் காறை எலும்பின் கீழே தோலுக்குள் தங்கி, நீண்ட கம்பியால் இதயத்தைத் தொட்டன. அக்கம்பி முறிவதும், அதன் வழியே நோய்க்கிருமி பரவுவதும் உண்டு. ஆகவே கம்பியையே நீக்கிவிட்டார்கள். 2013-இல் முதன்முதலாகப் பொருத்தப்பட்ட 'மைக்ரா' என்னும் கருவி பெரிய மாத்திரை அளவே இருக்கும். எடை இரண்டு கிராமுக்கும் குறைவு. தொடையிலுள்ள சிரை வழியாக மெல்லிய குழாயில் ஏற்றி, வலது கீழறையின் சுவரில் சிறு கொக்கிகளால் மாட்டிவிடுகிறார்கள்.

ஆனால், கீழறையில் கிடக்கும் இக்கருவிக்கு நாம் படியேறுவது எப்படித் தெரியும்? அதற்குள் அசைவை உணரும் உறுப்பு ஒன்று உண்டு. உடல் குலுங்கினால் 'நடக்கிறார்' என்று கணித்து, துடிப்பைக் கூட்டும். இதயமோ எப்போதும் அசைந்துகொண்டே இருப்பது. ஆகவே மருத்துவர் நோயாளியை நடக்கச் சொல்லி, மூன்று திசை அசைவுகளில் எது நடையைத் தெளிவாகக் காட்டுகிறது என்று பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார். ஒரு குறை உண்டு. தேர்வு மண்டபத்தில் வினாத்தாளைக் கண்டு நாம் நடுங்கும்போது நம் இதயம் விரைகிறதே, அந்த அச்சம் இக்கருவிக்கு எட்டாது. அசையாமல் அமர்ந்திருப்பவர் அதன் கணக்கில் ஓய்வெடுப்பவரே.

இதைவிடப் பெரிய குறை, மேலறை எப்போது சுருங்குகிறது என்று அறியாமல் கீழறையைத் துடிக்கவைப்பது. இரண்டும் இசையாவிட்டால் சிலருக்குச் சோர்வும் மூச்சுத்திணறலும் வரும். 2020-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற புதிய மைக்ரா இதற்கு அழகிய வழி கண்டது. கீழறையில் இருந்தபடியே, வால்வுகள் மூடும் அதிர்வு, இரத்தம் தானாக இறங்கும் அசைவு, மேலறை சுருங்கி உந்தும் அசைவு ஆகியவற்றைப் பிரித்தறிகிறது. கடைசி அசைவை உணர்ந்ததும் சிறிது பொறுத்துத் துடிப்பை அனுப்புகிறது. அடுத்த அறையில் நடப்பதைச் சுவரில் கைவைத்தே அறிவது போல! நாடி மிக விரைந்தால் இவ்வசைவுகள் ஒன்றோடொன்று கலந்துவிடுவதால் கருவி தடுமாறும். ஓடியாடும் இளைஞருக்கு இது பெரிய இடையூறு.

2023-இல் அங்கே ஒப்புதல் பெற்ற 'அவேர்' என்னும் ஏற்பாட்டில் மேலறைக்கு ஒன்று, கீழறைக்கு ஒன்று என இரு கருவிகள். இரத்தத்தின் வழியே சிறு மின் துடிப்புகளை அனுப்பி, ஒவ்வொரு துடிப்பிலும் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. உழைப்பால் இரத்தம் சூடேறுவதை உணர்ந்து வேகத்தைக் கூட்டவும் இவை அறியும். பேச்சுக்கும் மின்கலம் செலவாகிறதல்லவா? மேலறைக் கருவியின் மின்கலம் கீழறையதைவிட விரைவில் தீர்ந்துவிடும். இவற்றைத் திருகாணிபோல் சுழற்றி மாட்டி, வேண்டும்போது சுழற்றியே வெளியே எடுக்கும்படி அமைத்திருக்கிறார்கள்.