எஞ்சின் நின்றால் யார் பொறுப்பு? ஸ்னோமொபைல் வாங்குவோர் அறிய வேண்டியவை

மாசி மாதம் வந்தால் ஒன்டாரியோவிலும் கியூபெக்கிலும் ஸ்னோமொபைல் கடைகளில் ஒரு விசித்திரமான வியாபாரம் களைகட்டும். வண்டி வந்திருக்காது. அடுத்த குளிர்காலத்து மாடலின் படமும் விலைப்பட்டியலும் முன்பதிவுத் தாளும்தான் மேசையில் இருக்கும். வசந்தம் முடிவதற்குள் முன்பணம் கட்டினால் கூடுதல் ஆண்டு வாரண்டி உண்டு, இலையுதிர்காலத்தில் வண்டி வீடு வந்து சேரும் என்பார்கள். டர்போ பொருத்திய உயர்ரக மாடல்கள் சில இந்த முன்பதிவில் மட்டுமே கிடைக்கும். ஆக, இருபதாயிரம் டாலரைச் சாதாரணமாகத் தாண்டும் ஒரு பொருளை ஓட்டிப் பார்க்காமலே வாங்குகிறோம்.

எஞ்சின் எத்தனை ஆண்டு உழைக்கும் என்று கேட்டால் "இதை நம்பி எடுக்கலாம்" என்பதுதான் பதில். எந்த எஞ்சின் நூற்றுக்கு எத்தனை பழுதாகிறது என்ற கணக்கைத் தயாரிப்பாளர்கள் ஊரறிய வெளியிடுவதில்லை. எனவே வாங்குபவருக்குத் துணை மூன்றுதான்: தன் தேவைக்கேற்ற தேர்வு, சட்டம், கையில் வைத்திருக்கும் ஆதாரம். முதல் இரண்டையும் பற்றிப் பலர் யோசிக்கிறார்கள். மூன்றாவதைச் சேர்த்து வைப்பவர்கள் குறைவு. வழக்கு என்று வரும்போது மற்ற இரண்டையும் தாங்கி நிற்பது அதுதான்.

சந்தையில் மிஞ்சியிருப்பவர்கள்

கியூபெக்கின் வால்கூர் என்ற சிற்றூரில் 1959-இல் ஜோசப்-அர்மான் பொம்பார்டியே ஸ்கி-டூ வண்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அந்த வழியில் வந்த பிஆர்பி நிறுவனம் இன்று ஸ்கி-டூ, லிங்ஸ் என்ற இரு பெயர்களில் வண்டி விற்கிறது. அமெரிக்காவின் மினசோட்டாவிலிருந்து போலாரிஸும் ஆர்க்டிக் கேட்டும் போட்டியிடுகின்றன. நான்காவதாக இருந்த யமஹா, ஸ்னோமொபைல் தொழிலை விட்டு விலகுவதாக 2023-இல் அறிவித்தது. வட அமெரிக்காவுக்கு அதன் 2025 மாடல்களே கடைசி. ஆர்க்டிக் கேட்டை 2017-இல் வாங்கிய டெக்ஸ்ட்ரான் நிறுவனம் 2025-இல் அதைக் கைமாற்றிவிட்டது.

இதில் வாங்குபவருக்கு என்ன கவலை? எஞ்சின் எவ்வளவு உறுதியானதாக இருந்தாலும் ஏழாவது ஆண்டில் ஒரு சென்சாரோ கேஸ்கெட்டோ கிடைக்காவிட்டால் வண்டி கொட்டகையில்தான் கிடக்கும். உதிரிபாகமும் சேவையும் தொடரும் என்று யமஹா சொல்லியிருக்கிறது. தள்ளுபடியில் கிடைக்கும் கடைசி யமஹாவை வாங்குவதில் தவறில்லை. ஆனால் வாரண்டி வேலையை எந்தக் கடை செய்யும், அது எத்தனை கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது என்பதைப் பணம் கட்டும் முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

டூ ஸ்ட்ரோக்கா, ஃபோர் ஸ்ட்ரோக்கா?

யமஹா ஆர்எக்ஸ் 100 ஓட்டியவர்களுக்கு டூ ஸ்ட்ரோக்கைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. எடை குறைவு, இழுவை அதிகம், எரிபொருளோடு எண்ணெயும் சேர்ந்து எரியும். ஸ்கி-டூவின் ரோடாக்ஸ் 850 இ-டெக், போலாரிஸின் பேட்ரியாட் 850, ஆர்க்டிக் கேட்டின் 858 மூன்றும் அதே இனம்தான். எரிபொருளையும் எண்ணெயையும் கணினி அளந்து கொடுப்பதால் புகையும் எண்ணெய்ச் செலவும் வெகுவாகக் குறைந்திருக்கின்றன. இடுப்பளவுத் தூள்பனியில் புரட்டி ஓட்டுபவர்களுக்கு எடை குறைந்த இந்த வகையே ஏற்றது. பிஸ்டனும் வளையங்களும் தேய்ந்தால் பிரித்து மாற்ற வேண்டிவரும் என்பதை மட்டும் முதலிலேயே கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ரோடாக்ஸ் 900 ஏஸ் போன்ற ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின்கள் கனமானவை. சீரமைத்த பாதையில் நாளெல்லாம் ஓடுபவர்களும் வாடகைக்கு விடுபவர்களும் இவற்றை விரும்புவதற்குக் காரணம் நீண்ட உழைப்பு. பருவத்துக்கு ஒரு முறையாவது எண்ணெய் மாற்றி, அதன் ரசீதையும் வைத்திருக்க வேண்டும்.

மலையுச்சியில் காற்று மெலிவதால் குறையும் வலுவை டர்போ ஈடுகட்டும். கூடவே வெப்பமும் பாகங்களின் மேல் சுமையும் ஏறும். உயர்ந்த மலைகள் இல்லாத ஒன்டாரியோவில் வார இறுதியில் மட்டும் ஓட்டுபவருக்கு அது எதற்கு என்று ஒரு தடவை கேட்டுக்கொள்வது நல்லது. புத்தம்புது எஞ்சின் அறிமுகமாகும் முதல் ஆண்டில் வாங்குபவரே அதன் சோதனையாளரும் ஆகிறார். அவசரமில்லாதவர் ஒரு குளிர்காலம் பொறுத்திருந்தால், அந்த எஞ்சினுக்கு வந்த திருத்த அறிவிப்புகளைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

பிஸ்டன் சொல்லும் சாட்சி

எஞ்சின் சீஸ் ஆகிவிட்டது என்று வண்டியைக் கடைக்குக் கொண்டுபோனால் மெக்கானிக் முதலில் பார்ப்பது பிஸ்டனைத்தான். டிரெய்லரிலிருந்து இறக்கிய வண்டியை மைனஸ் 25 டிகிரியில் கிளப்பி, சூடேறும் முன்பே த்ராட்டிலை முழுதாக அழுத்தினால் அலுமினிய பிஸ்டன் சட்டென்று விரியும். குளிர்ந்த கூலண்ட் சூழ்ந்த சிலிண்டர் அந்த வேகத்தில் விரியாது. இரண்டுக்கும் நடுவே உள்ள மயிரிழை இடைவெளி மறைந்துவிடும். பிஸ்டனின் பக்கவாட்டில் நான்கு இடங்களில் செங்குத்தாகக் கீறல் விழும். இதைப் பார்த்தவுடன் "ஓட்டியவர் தவறு" என்று எழுதி வாரண்டியை மறுத்துவிட முடியும்.

பிஸ்டன் தலையில் ஓட்டை விழுந்திருந்தாலோ உருகியிருந்தாலோ கதை வேறு. எரிபொருள் குறைவாகப் பாய்ந்திருக்கலாம், இன்ஜெக்டர் அடைத்திருக்கலாம், கையேடு 91 ஆக்டேன் கேட்கும் எஞ்சினில் மட்டமான பெட்ரோல் ஊற்றப்பட்டிருக்கலாம். கிராங்க் ஷாஃப்ட் பேரிங் உடைந்திருந்தால் எண்ணெய் வந்ததா இல்லையா என்று ஆராய வேண்டும். பனித்தூளே இல்லாமல் கண்ணாடியாக உறைந்த பாதையில் நெடுநேரம் ஓட்டினால் எஞ்சின் கொதித்துவிடும். ஏனென்றால் இந்த வண்டிகளில் கூலண்டைக் குளிர்விப்பது வண்டிக்கு அடியில் சுழலும் பட்டை வாரி இறைக்கும் பனிதான். பனித்தூளைக் கிளப்பிவிடும் ஐஸ் ஸ்க்ராட்சர் கம்பிகளை மாட்டிக்கொள்வது இதற்காகவே.

இன்னொரு சாட்சி வண்டியின் கணினி. எத்தனை மணி நேரம் ஓடியது, எந்த வேகம் வரை சுழன்றது, எப்போது அதிகச் சூடு எச்சரிக்கை வந்தது என்பதையெல்லாம் அது பதிந்து வைத்திருக்கும். டீலர் தன் மடிக்கணினியை இணைத்தால் அனைத்தும் திரையில் வந்துவிடும். அதன் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். கழற்றிய பாகங்களை உங்கள் சம்மதம் இல்லாமல் எறியக் கூடாது என்றும் எழுதிக் கொடுங்கள். பிஸ்டன் குப்பைக்குப் போனபின் யார் பேச்சு உண்மை என்று எந்த நீதிபதியாலும் சொல்ல முடியாது.

வாரண்டித் தாளில் எதைப் படிக்க வேண்டும்?

புதிய ஸ்னோமொபைலுக்கு வழக்கமான வாரண்டி ஓராண்டு. கனடாவில் அது உண்மையில் நான்கைந்து மாத ஓட்டம்தான். முன்பதிவுச் சலுகையில் கிடைக்கும் கூடுதல் ஆண்டுகள் தயாரிப்பாளருடையவையா, மூன்றாவது நிறுவனம் ஒன்றின் ஒப்பந்தமா என்று பாருங்கள். மூன்றாவது நிறுவனம் என்றால் விதிகள் மாறும்.

பந்தயம், வாடகை, தொழில் பயன்பாடு, எஞ்சின் கணினியில் மாற்றம் செய்வது ஆகியவற்றைப் பல வாரண்டிகள் ஏற்பதில்லை. பெல்ட், ஸ்பார்க் பிளக் போன்ற தேய்மானப் பொருள்களும் சேராது. எல்லை தாண்டி அமெரிக்காவில் மலிவாக வாங்கிவந்தால் இங்குள்ள டீலர் வாரண்டி வேலையை ஏற்பாரா என்பதைத் தாளிலேயே தேடுங்கள்.

தாளுக்கு மேலே சட்டம்

வாரண்டி முடிந்தால் எல்லாம் முடிந்தது என்று நினைப்பதுதான் பலருடைய பெரிய இழப்பு.

*கியூபெக்கில்* பொருள் தன் விலைக்கும் பயனுக்கும் ஏற்ற நியாயமான காலம் உழைக்க வேண்டும் என்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. மறைந்திருந்த குறை வெளிப்பட்டால் விற்றவர் மீதும் தயாரித்தவர் மீதும் நேரடியாக வழக்குப் போடலாம். கூடுதல் வாரண்டியை விற்க வரும் கடைக்காரர், இந்தச் சட்ட உத்தரவாதம் ஏற்கெனவே இலவசமாக உண்டு என்பதை முதலில் சொல்லியாக வேண்டும். உதிரிபாகம் தர இயலாது என்றால் அதையும் விற்கும் முன்பே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். சிறு உரிமை நீதிமன்ற வரம்பு 15,000 டாலர்.

*ஒன்டாரியோவில்* பழுதான வாகனத்தைத் திரும்பக் கொடுக்கும் தனிச் சட்டம் கிடையாது. ஆனால் கடையில் வாங்கும் பொருள் விற்கத்தக்க தரத்திலும் சொன்ன வேலைக்கு உகந்ததாகவும் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை தானாகவே ஒப்பந்தத்துக்குள் வந்துவிடும். "இருக்கும் நிலையில் விற்கப்பட்டது" என்று ரசீதில் எழுதினாலும் டீலர் அதிலிருந்து தப்ப முடியாது. பொய்யான விவரம் சொல்லி விற்றிருந்தால் ஓராண்டுக்குள் ஒப்பந்தத்தை ரத்துசெய்யக் கோரலாம். முன்பதிவு செய்த வண்டி சொன்ன தேதி தாண்டி 30 நாளாகியும் வரவில்லை என்றால், அதைப் பெற்றுக்கொள்ளும் முன் ரத்துசெய்யவும் உரிமை உண்டு. ஒப்பந்தத்தில் மதிப்பீட்டுத் தொகை எழுதியிருந்தால் அதைவிட 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. சிறு உரிமை நீதிமன்ற வரம்பு 35,000 டாலராக இருந்தது. 2025 அக்டோபர் முதல் 50,000. குறையைக் கண்டறிந்த நாளிலிருந்து பொதுவாக இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குப் போட வேண்டும்.

*அமெரிக்காவில்* 1975-ஆம் ஆண்டின் மாக்னசன்-மாஸ் சட்டப்படி, வேறு நிறுவனத்து எண்ணெயோ பாகமோ பயன்படுத்தினீர்கள் என்ற ஒரே காரணத்துக்காக வாரண்டியை மறுக்க முடியாது. பழுதுக்கு அதுதான் காரணம் என்று காட்ட வேண்டியது நிறுவனத்தின் பொறுப்பு.

ரீகால் வேறு, வாரண்டி வேறு

எஞ்சின் தேய்வது பணப் பிரச்சினை. தீப்பிடிப்பது உயிர்ப் பிரச்சினை. இரண்டாவதற்குத்தான் ரீகால், அதாவது ஆபத்தான குறையைத் தயாரிப்பாளரே அறிவித்துத் திருத்தித் தருவது. 2022-இன் இறுதியில் போலாரிஸ் நிறுவனம், 2013 முதல் 2023 வரையிலான பல மாடல்களை ஓட்ட வேண்டாம் என்று அறிவித்தது. எரிபொருள் டாங்கினுள் நிலைமின்சாரத்தால் பொறி எழுந்து தீப்பற்றலாம் என்பதே காரணம். பத்து ஆண்டு பழைய வண்டிக்கும் அந்தத் திருத்தம் உண்டு.

கனடாவில் ஸ்னோமொபைல் ரீகால்கள் ட்ரான்ஸ்போர்ட் கனடாவின் பட்டியலில் இருக்கும். அமெரிக்காவில் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் வெளியிடும். வண்டி கைமாறியிருந்தால் அறிவிப்புக் கடிதம் பழைய உரிமையாளர் வீட்டுக்குத்தான் போகும். எனவே பழைய வண்டி வாங்கிய அன்றே உங்கள் பெயரில் பதிவு செய்து, வண்டி அடையாள எண்ணைக் கொடுத்து நிலுவை ரீகால் உண்டா என்று டீலரிடம் கேளுங்கள். பாதுகாப்புக் குறை ஒன்றை நீங்களே கண்டால் ட்ரான்ஸ்போர்ட் கனடாவுக்கு நேரடியாகப் புகார் அனுப்பலாம்.

பழைய வண்டியும் வாடகை வண்டியும்

தனிநபரிடம் வாங்கினால் டீலருக்குரிய தர நிபந்தனைகள் பெரும்பாலும் பொருந்தாது. நீங்கள் போய்ச் சேரும் முன்பே எஞ்சினைச் சூடேற்றி வைத்திருந்தால் சந்தேகப்படுங்கள். குளிர்ந்த எஞ்சின் எப்படிக் கிளம்புகிறது என்பதுதான் முக்கியம். இரண்டு சிலிண்டரின் கம்ப்ரஷனும் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும். சோதனைக்கு ஆகும் சிறு செலவை மிச்சம் பிடிக்க வேண்டாம். வண்டி மேல் கடன் பாக்கி உண்டா என்று மாகாணத்தின் அடமானப் பதிவேட்டில் பாருங்கள். பாக்கி இருந்தால் கடன் கொடுத்தவர் உங்கள் கொட்டகையிலிருந்தே வண்டியை எடுத்துப்போக முடியும்.

டொராண்டோப் பக்கத்திலிருந்து வார இறுதியில் குடும்பமாகப் போய் வாடகைக்கு எடுப்பவர்கள் கிளம்பும் முன் வண்டியைச் சுற்றிலும் ஒரு காணொளி எடுத்துவிடுங்கள். எஞ்சின் சேதத்துக்கு எவ்வளவு வரை நீங்கள் பொறுப்பு என்ற வரியைப் படிக்காமல் கையெழுத்திட வேண்டாம்.

எஞ்சின் போனால் என்ன செய்வது?

1. பாதையில் நின்றுவிட்டால் முதலில் உயிரைப் பாருங்கள். கைபேசிக்கு சிக்னல் இல்லாத இடங்கள் அதிகம். தனியாகப் போகாதீர்கள், செயற்கைக்கோள் வழி உதவி கோரும் கருவி, தீப்பெட்டி, உலர்ந்த கையுறை வைத்திருங்கள்.
2. திரும்பத் திரும்ப ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டாம். திரையில் வரும் எச்சரிக்கையைப் படமெடுங்கள்.
3. டீலரிடம் ஒப்படைக்கும்போது தேதி, ஓடிய தூரம், குறையின் விவரம் எழுதிய ரசீது வாங்குங்கள்.
4. மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். கணினிப் பதிவு, பாகங்களின் படம், பாகங்கள் மூன்றையும் பெறுங்கள்.
5. தொடர்பில்லாத ஒரு மெக்கானிக்கிடம் இரண்டாவது கருத்தை எழுதி வாங்குங்கள்.
6. டீலருக்கும் தயாரிப்பாளருக்கும் கெடு குறிப்பிட்டு பதிவுத் தபால் அனுப்புங்கள். கியூபெக்கில் குறையைக் கண்டபின் தாமதிக்காமல் இதைச் செய்வது அவசியம்.
7. பதில் இல்லையென்றால் மாகாண நுகர்வோர் அலுவலகத்தில் புகார் கொடுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் சிறு உரிமை நீதிமன்றம். அங்கே வழக்கறிஞர் இல்லாமலே வாதாடலாம்.

முன்பதிவுக் கெடு நாளையோடு முடிகிறது என்று விற்பனையாளர் அவசரப்படுத்தலாம். வாரண்டித் தாளின் முழுப் பிரதியைக் கேட்டு வாங்கி, வீட்டில் உட்கார்ந்து படித்துவிட்டு நாளை வருகிறேன் என்று சொல்லுங்கள். அந்த ஒரு இரவுக்குக்கூட பிரதியைத் தர மறுக்கும் கடை, எஞ்சின் நின்ற அன்று உங்களுக்காக நிற்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். அடுத்த கடைக்குப் போங்கள்.