தியானம் பண்ணினா கால் தடுமாறாதா?

"தினமும் இருபது நிமிஷம் தியானம் பண்ணுங்க, மூளை வளரும்!" வாட்ஸ்அப்பில் இப்படி ஒரு ஃபார்வர்டு உங்களுக்கும் வந்திருக்கும். வீட்டுப் பெரியவங்க இதுக்கு நேர் எதிரா, "இந்த வயசுக்கு மேல எனக்கு என்ன புதுசா வரப்போகுது?"ன்னு சொல்லியும் கேட்டிருப்பீங்க. இரண்டையுமே அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஏன்னு பார்ப்போம்.

முதலில், உடம்பு ஒரு வேலையை எப்படிப் பழகுது? சைக்கிள் கற்றுக்கொண்ட நாளை நினைச்சுப் பாருங்க. ஹேண்டில், பெடல், பிரேக் எல்லாத்தையும் யோசிச்சு யோசிச்சுத்தான் செய்திருப்பீங்க. அந்தக் கட்டத்தில் நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளையின் முன்பகுதிக்கு வேலை அதிகம். பழகப் பழக அந்தச் சுமையில் பெரும்பங்கைச் சிறுமூளையும், மூளையின் ஆழத்தில் இருக்கும் பேசல் கேங்லியாவும் ஏற்றுக்கொள்கின்றன. நாம கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பாடத்தில் படிக்கிற ஃபீட்பேக் லூப் மாதிரிதான் சிறுமூளை. எதிர்பார்த்த அசைவுக்கும் நடந்த அசைவுக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்து அடுத்த முயற்சியைத் திருத்துது. அதாவது, தப்பு நடந்தால்தான் அதுக்குச் சிக்னலே கிடைக்கும்.

வயதானால் என்ன ஆகுது? பாதத்திலிருந்து வரும் உணர்வும், காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பும் மெல்ல மங்குது. தானாக நடந்த நடைக்குக்கூட மறுபடி கவனம் செலவழிக்க வேண்டி வருது. 1997-இல் லான்செட் இதழில் சுவீடன் ஆய்வாளர்கள் ஒரு எளிய பரிசோதனையை வெளியிட்டாங்க. முதியோர் இல்லங்களில் இருந்த 58 பேருடன் நடந்துகொண்டே பேச்சுக் கொடுத்தாங்க. 12 பேர் பதில் சொல்வதற்காக நடையை நிறுத்திட்டாங்க. அந்த 12 பேரில் 10 பேர் அடுத்த ஆறு மாதத்துக்குள் கீழே விழுந்தாங்க. பேச்சு, நடை இரண்டையும் ஒரே நேரத்தில் ஓட்ட அவங்க கவனம் போதவில்லை.

அப்படீன்னா முதியவங்களுக்குப் புதுசா எதுவும் வராதா? வரும். ஜெர்மனியில் 2004-இல் இருபதுகளில் இருந்தவங்களுக்கு மூன்று பந்துகளை மாற்றி மாற்றித் தூக்கிப்போட்டுப் பிடிக்கும் ஜக்ளிங் பழக்கி, எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தாங்க. அசைவைக் கண்ணால் தொடரும் மூளைப் பகுதி கொஞ்சம் பெரிதாகியிருந்தது. 2008-இல் சுமார் 60 வயதுக்காரங்களிடம் அதையே செய்தப்பவும் அதே பகுதியில் மாற்றம் தெரிந்தது. இளைஞர்களை விடக் குறைவான பேர்தான் நன்றாக ஜக்ளிங் பண்ணும் அளவுக்கு வந்தாங்க என்பதும் உண்மை. வேகம் குறையுது, ஆனா கதவு மூடவில்லை. பயிற்சியை நிறுத்தியதும் அந்த வளர்ச்சி மறுபடி சுருங்கியதையும் மறக்கக்கூடாது.

இப்போ தியானத்துக்கு வருவோம். 2005-இல் அமெரிக்காவில் சாரா லாசர் குழு, பல வருடம் தியானம் செய்தவங்களின் மூளைப் புறணி சில இடங்களில் தடிமனாக இருப்பதாகச் சொன்னது. ஆனா அது ஏற்கெனவே தியானம் செய்பவர்களையும் செய்யாதவர்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த ஒப்பீடு. தியானத்தால்தான் தடித்ததா என்பதை அதை வைத்துச் சொல்ல முடியாது. அதுக்கு, யார் எந்தக் குழு என்பதைக் குலுக்கல் முறையில் பிரித்துச் சோதிக்கணும்.

பிரான்ஸின் கான் நகரில் 65 வயது கடந்த 130-க்கும் மேற்பட்டோரை அப்படிப் பிரித்தாங்க. ஒரு குழுவுக்கு 18 மாதம் தியானம், இன்னொன்றுக்கு ஆங்கில வகுப்பு, மூன்றாவது குழுவுக்கு எந்தப் பயிற்சியும் இல்லை. 2022-இல் முடிவு வந்தது. எதிர்பார்த்த மூளைப் பகுதிகளின் அளவில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. அதே வருடம் அமெரிக்காவில் 65 முதல் 84 வயது வரையிலான 585 பேரிடம் நடந்த ஆய்விலும் ஆறு மாதத் தியானப் பயிற்சி நினைவுத்திறனைக் கூட்டவில்லை.

அப்போ தியானம் வீணா? இல்லை. கான் ஆய்வில், கவனத்தையும் உணர்ச்சியையும் கையாளும் திறனுக்கான கூட்டு மதிப்பெண்ணில் தியானக் குழு ஆங்கிலக் குழுவை முந்தியது. முதியவர் ஒரு அசைவைப் பழகும்போது தட்டுப்பாடாக இருப்பது கவனம்தானே? அதனால் தியானம் மறைமுகமாக உதவ வாய்ப்பு இருக்கு. ஆனா கால் வைக்கப் பழகணும்னா காலை வைத்துத்தான் ஆகணும். கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும்போது சிறுமூளைக்குத் திருத்த வேண்டிய அடி எதுவும் கிடைக்காது.

கவனமும் அசைவும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு நல்ல உதாரணம் தாய் சி. சீனாவில் பிறந்த இந்தப் பயிற்சியில் உடல் எடையை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மெதுவாக, மூச்சைக் கவனித்தபடி மாற்றுவாங்க. 2018-இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், விழும் ஆபத்து இருந்த 70 வயது கடந்த 670 பேரிடம் இதைச் சோதித்தாங்க. வாரம் இரண்டு வகுப்பு, 24 வாரம். வெறும் தசை நீட்டும் பயிற்சி செய்தவங்களை விட, முதியோருக்கு ஏற்ப மாற்றியமைத்த தாய் சி பழகியவங்க விழுந்தது 58 சதவீதம் குறைவு. பலவகை உடற்பயிற்சி செய்தவங்களோடு ஒப்பிட்டாலும் 31 சதவீதம் குறைவு.

இதில் நமக்கு என்ன வேலை? பாட்டிக்கு போன் சொல்லிக்கொடுக்கும்போது "குடுங்க, நான் பண்றேன்"னு பிடுங்காதீங்க. நீங்க அழுத்தினால் பழகுவது உங்க விரல்தான். அவங்களே அழுத்தட்டும், தப்பாக அழுத்தி அவங்களே திருத்தட்டும். ஒரு நாளைக்கு ஒரே ஒரு விஷயம் போதும், மறுநாளும் அதையே செய்யச் சொல்லுங்க. தாத்தா மாடிப்படி இறங்கும்போது மட்டும் கீழேயிருந்து பேச்சுக் கொடுக்காதீங்க. கடைசிப் படி தாண்டின பிறகு கேட்டுக்கலாம்.