யோர்தான் நதிக்கரையில் எழுந்த கேள்வி

கிறிஸ்தவ சபைகளை நூற்றாண்டுக் கணக்கில் வாதாட வைத்த அந்த நிகழ்ச்சி மிகச் சிறியது. நாசரேத்தைச் சேர்ந்த ஒருவர் யோர்தான் நதிக்கு வருகிறார். அங்கே யோவான் ஸ்நானகன் மக்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்துக்கொண்டிருக்கிறார். வந்தவரும் நீரில் இறங்கி ஞானஸ்நானம் பெறுகிறார். அவர் கரையேறும்போது வானம் திறக்கிறது. ஆவி புறாவைப் போல் இறங்குகிறது. அவரைத் தம் அன்புக்குரிய மகன் என்று அழைக்கும் குரல் வானத்திலிருந்து கேட்கிறது.

வந்தவர் ஏசுநாதர். நிகழ்ச்சி இவ்வளவுதான். ஆனால் அதிலிருந்து இரண்டு கேள்விகள் பிறந்தன. யோவான் கொடுத்தது பாவமன்னிப்புக்கான ஞானஸ்நானம். பாவமே இல்லாதவருக்கு அது எதற்கு? அந்தக் குரல் என்றென்றும் மகனாக இருப்பவரை அடையாளம் காட்டியதா, அல்லது அன்றுதான் அவரை மகனாக ஏற்றுக்கொண்டதா?

நான்கு சுவிசேஷங்கள்

நான்கு சுவிசேஷங்களில் மாற்கு எழுதியதே பழையது என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு. அதில் ஏசுவின் பிறப்புக் கதை இல்லை. ஞானஸ்நானத்திலிருந்துதான் அவர் வரலாறு தொடங்குகிறது. மத்தேயுவில் யோவான் தயங்குகிறார். தாமே இவரிடம் ஞானஸ்நானம் பெற வேண்டியவர் என்கிறார். நான்காவது சுவிசேஷமோ ஞானஸ்நானத்தை நேரடியாக விவரிக்கவே இல்லை. உலகம் உண்டாகும் முன்பே இருந்த வார்த்தைதான் ஏசு என்று அது தொடங்குகிறது.

லூக்காவில் இன்னொரு சிக்கல். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் உள்ள 'பேசா' என்ற பழைய கையெழுத்துப் பிரதியில், அந்தக் குரல் 2-ம் சங்கீதத்தின் சொற்களில் பேசுகிறது. "இன்று" பெற்றெடுத்ததாகச் சொல்கிறது. இதுவே லூக்காவின் மூல வாசகம் என்று 1993-ல் வெளியான நூலில் அமெரிக்க அறிஞர் பார்ட் எர்மன் வாதிட்டார். பெரும்பாலான பைபிள் பதிப்புகள் இதை ஏற்கவில்லை.

தோல் தொழிலாளியின் வாதம்

2-ம் நூற்றாண்டின் இறுதியில் பைசாந்தியத்திலிருந்து ரோமுக்கு வந்த தியோடோட்டஸ் என்ற தோல் தொழிலாளி, ஏசு மனிதரே என்றும், ஞானஸ்நானத்தின்போதுதான் தெய்வ சக்தி அவர்மீது இறங்கியது என்றும் போதித்தார். போப்பாண்டவர் விக்டர் அவரைச் சபையிலிருந்து விலக்கினார்.

இந்தக் கருத்துக்குக் கவர்ச்சி இருந்தது. நம்மைப் போன்ற ஒருவர் தம் நல்லொழுக்கத்தால் உயர்த்தப்பட்டார் என்றால், மற்றவர்களுக்கும் வழி திறக்கிறது அல்லவா? எதிர்த்தவர்கள் கேட்டது வேறு. தத்தெடுக்கப்பட்ட மனிதர் உலகத்தை எப்படி இரட்சிக்க முடியும்? கடவுளே மனிதனாக வந்தால்தானே மீட்பு? 325-ல் நைசியாவில் கூடிய ஆயர்கள், மகன் படைக்கப்பட்டவர் அல்ல, தந்தையோடு ஒரே பொருளானவர் என்று அறிக்கையிட்டனர்.

ஒரே போதனை, இரண்டு முடிவுகள்

ஆனாலும் வாதம் ஓயவில்லை. 8-ம் நூற்றாண்டில் ஸ்பெயினில் டொலேடோ பேராயர் எலிபாண்டஸும், உர்கெல் ஆயர் பெலிக்ஸும் ஒரு நடுவழி சொன்னார்கள். தெய்வ இயல்பில் ஏசு சொந்தப் பிள்ளை. மனித இயல்பில் சுவீகாரப் பிள்ளை என்றார்கள். ஒரே ஆளை இரண்டு பிள்ளைகளாகப் பிரிப்பதா என்று எதிர்ப்புக் கிளம்பியது. 794-ல் பிராங்க்பர்ட்டில் கூடிய சங்கம் இதைக் கண்டித்தது.

எலிபாண்டஸ் வாழ்ந்தது முஸ்லிம் மன்னர் ஆட்சியில். சார்லமேன் சக்கரவர்த்தியின் கை அங்கே எட்டவில்லை. அவர் பதவியிலேயே இருந்தார். பெலிக்ஸின் ஊரோ சார்லமேன் ஆட்சிக்கு உட்பட்டது. அவர் தம் கருத்தைக் கைவிடுவதாக அறிவித்தும் ஊர் திரும்ப விடப்படவில்லை. லியோன் நகரில் கண்காணிப்பிலேயே வாழ்ந்து 818-ல் இறந்தார். அவருடைய காகிதங்களில் பழைய கருத்தே எழுதப்பட்டிருந்ததாக லியோன் பேராயர் அகோபார்டு பின்னர் எழுதினார். வாய் மறுத்ததை மனம் மறுக்கவில்லை போலும்!

நீருக்குத் தூய்மை

பாவமில்லாதவர் ஏன் நீரில் இறங்கினார்? இதற்குச் சபை தந்த பதில்களுள் பழமையானது 2-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தியோகியா ஆயர் இக்னேஷியஸ் கூறியது. நீர் அவரைத் தூய்மையாக்கவில்லை. அவர்தாம் நீரைத் தூய்மையாக்கினார் என்பது அதன் சாரம். பாவிகளின் வரிசையில் தாமும் ஒருவராக நிற்க வந்தார் என்பது இன்னொரு விளக்கம்.

ஆர்மீனிய சபையில் ஏசுவின் பிறப்பும் ஞானஸ்நானமும் ஜனவரி 6-ந் தேதி ஒரே திருநாளாகக் கொண்டாடப்படுகின்றன. கேரளத்தில் சிரியன் கிறிஸ்தவர்கள் அதே நாளில் தனஹா பெருநாள் கொண்டாடுகிறார்கள். சில ஊர்களில் வாழைத்தண்டை நட்டு அதில் விளக்கேற்றுவதால் அது 'பிண்டிகுத்தி' எனப்படுகிறது. யோர்தான் நீராடலை நினைத்து இரவில் குளிக்கும் இடங்களில் 'ராக்குளி'.

சங்கங்கள் கூடித் தீர்மானம் போட்டன; ஆயர்கள் பதவி இழந்தார்கள். குளித்துக் கரையேறி விளக்கேற்றுகிறவர்களுக்கு அந்தப் பெயர்கள் தெரியாமல் இருக்கலாம். ஆனால், நீரில் இறங்கியவர் யார் என்ற கேள்விக்கு அவர்கள் சொல்லும் பதில் அந்த விளக்குகளில் இருக்கிறது.